வேகாத பருப்பும் பாஸான தண்ணியும்

ஏற்காட்டுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை. மலையில் எந்தக் குழாயைத் திறந்தாலும் மூலிகைத் தண்ணீர் கொட்டுமாம். எங்கள் மெஸ் வாசலில் இருக்கும் தெருக்குழாயில் காரை நிறுத்தி, காலி பாட்டிலையெல்லாம் நிரப்பி, ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஆகா, என்ன டேஸ்ட்டு!" என்று கண்ணை மூடுவார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். கொண்டு போங்கள் மகராசர்களே, மொத்தத்தையும் கொண்டு போனாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

முன்பெல்லாம் அந்தக் குழாயில் எஸ்டேட் சரிவில் இருக்கும் ஊற்றின் தண்ணீர்தான் வந்தது. பிறகு ஊருக்குப் போர் போட்டு, குழாயை அதோடு இணைத்தார்கள். மோட்டாருக்கு மாலை சாத்தி, தேங்காய் உடைத்து, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். லட்டு நன்றாகத்தான் இருந்தது. தண்ணீரைத்தான் வாயில் வைக்க முடியவில்லை. தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நாராகிவிடும். சோப்பு தேயுமே தவிர நுரைக்காது. குண்டானுக்குள் பிடித்திருக்கும் சுண்ணாம்பைச் சுரண்டினால் ஒரு சுவருக்கு வெள்ளையடிக்கலாம்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பருப்பு வேகவில்லை. அதுதான் என் வயிற்றில் அடித்தது. ஜீப் ஸ்டாண்டு டிரைவர்கள் மத்தியானம் சாப்பிட வருவதால்தான் எங்கள் மெஸ் ஓடுகிறது. அவர்கள் வருவது என் சாம்பாருக்காக. மூன்று விசிலில் குழைந்துவிடும் துவரம்பருப்பு, இப்போது ஏழு விசில் விட்டாலும் என்னை முறைத்துக்கொண்டு கிடந்தது.

டிரைவர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து விசிலை எண்ணினார்கள். "அக்கா, இன்னும் எத்தனை விசிலுங்க? அதுக்குள்ள சேலம் போயிட்டு வந்தர்லாமாட்ட இருக்குது" என்றான் ஒருவன். "அக்கா பருப்பு இனிமே இங்க வேகாதுங்க" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துத் தொலைத்தேன். ஆனால் மூன்றாமவன் ஒன்று சொன்னான் பாருங்கள்: "அக்காவுக்குக் கைப்பக்குவம் போயிருச்சுங்க."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிரே புதிதாக ஒரு மெஸ் வந்திருந்தது. அங்கே சோடா உப்பை அள்ளிப் போட்டுப் பருப்பைக் கூழாக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் சாப்பிட்ட நாலைந்து பேர் அங்கே போய்விட்டார்கள். மற்றவர்களும் போனால் அடுப்பை அணைத்துவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் மலையிறங்க வேண்டியதுதான். உண்மையிலேயே பயந்துபோனேன்.

வார்டு மெம்பரிடம் போய்க் கத்தினேன். "தண்ணியில ஒரு கொறையும் இல்லீங்கக்கா. ஊருக்கே வேகுது, உங்களுக்கு மட்டும் வேகலீன்னா எப்படீங்க?" என்றார். நான் விடவில்லை. கடைசியில், "சரிங்க, டெஸ்ட்டுக்கு ஆள வரச் சொல்றேன். மோசம்னு வந்துச்சுன்னா பழைய ஊத்து லைனையே உங்க தெருவுக்குத் திருப்பி உட்டர்றமுங்க" என்று வாக்குக் கொடுத்தார்.

டெஸ்ட் எடுக்கும் அதிகாரி, நான் காய்கறி வாங்கச் சேலம் போயிருந்த நாளாகப் பார்த்து வந்திருக்கிறார். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் விடும் நாளும் இல்லை. என் வீட்டுக்காரரிடம் ஒரு பாட்டிலை நீட்டி, தண்ணீர் பிடித்துத் தரச் சொல்லியிருக்கிறார். இவரும் தந்திருக்கிறார். சில நாள் கழித்து ரிசல்ட் வந்தது. அருமையான தண்ணீராம்! மெம்பர் அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

நேராக வீட்டுக்குள் போனேன். "ஏனுங்க, அந்தாளுக்கு எந்தத் தண்ணியக் குடுத்தீங்க?" என்று இவரைக் கேட்டேன்.

"நாம குடிக்கறதுக்கு ஊத்துல இருந்து ஒரு கொடம் கொண்டாந்து வெச்சிருந்தேனல்ல, அதுதான் புள்ள. ஊடு தேடி வந்த மனுசனுக்குத் தொட்டியில கெடக்கற உப்புத் தண்ணியவா குடுக்கறது?"

"அடப்பாவி மனுசா! அவரு குடிக்கவா கேட்டாரு?"

"குடிக்கத்தான்னு நெனச்சேன். மூடி மேல சீட்டு ஒட்டுனப்பத்தான் வெளங்குச்சு."

"அப்பவாச்சும் வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"குடுத்தத எப்படிப் புள்ள திருப்பிக் கேக்கறது? மருவாதையா இருக்குமா?"

தலையில் அடித்துக்கொண்டேன். மெம்பரிடம் ஓடி விஷயத்தைச் சொன்னதற்கு, "தோத்தவிய எல்லாம் இப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்று சிரித்தார். ஊற்று லைன் அதோடு போச்சு.

மறுநாளிலிருந்து மரியாதை தெரிந்த என் வீட்டுக்காரர் சமையலுக்கும் சேர்த்து ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார். சரிவில் ஏறி வரும்போது மூச்சு வாங்கும். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு குடத்தைக்கூட நான் குறைக்கவில்லை. பருப்பு பழையபடி மூன்று விசிலில் குழைந்தது. எதிர்க்கடைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

அவர்களோடு ஒருநாள் மெம்பரும் வந்தார். சாம்பாரை இரண்டு தரம் வாங்கி ஊற்றிக்கொண்டு, கடைக்கே கேட்கும்படி பேசினார். "பாத்தீங்களாக்கா! போர்த் தண்ணி போர்த் தண்ணின்னு என்ன பேச்சுப் பேசுனீங்க? அதே தண்ணியில வெச்ச சாம்பாருதானுங்க இது!" டிரைவர்கள் தலையாட்டினார்கள். "ஆமாங்க, டெஸ்ட்டு எடுத்ததுக்கப்பறம் தண்ணி நல்லாயிருச்சுங்க" என்று ஒருவன் எடுத்துக் கொடுத்தான். பின்கட்டில் என் வீட்டுக்காரர் ஊற்றுத் தண்ணீரை அண்டாவில் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த அண்டாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெம்பர் பக்கம் திரும்பினேன்.

"நாளைக்கும் வருவீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"வராம இருப்பனுங்களா? நொம்ப நாளைக்கப்பறம் நல்ல சாப்பாடு!"

மறுநாள் சின்னக் குக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வாசல் குழாயில் பிடித்தேன். மெம்பருக்கென்று தனிப் பருப்பு, தனிச் சாம்பார். எல்லோருக்கும் நடுவில் உட்கார வைத்து நானே பரிமாறினேன். ஒரு வாய் வைத்தார். மென்றார். மறுபடி மென்றார். பக்கத்து இலைகளில் மற்றவர்கள் குழைத்து அடிப்பதைப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, பருப்பு கல்லாட்ட இருக்குதுங்களே?"

"டெஸ்ட்ல பாஸான தண்ணிங்க தம்பி. பயப்படாம மென்னு சாப்புடுங்க."