எதிர்க்கடைப் பச்சைப் பாட்டில்

தாடையைத் தூக்கிப் பிடித்துக் கத்தியைக் கழுத்தில் வைத்ததும் சலூன்கார வேல்சாமி கண்ணாடியைப் பார்ப்பார். நாற்காலியில் இருப்பவரின் முகத்தை அல்ல. கண்ணாடிக்குப் பின்னால் மடித்த சிகரெட் அட்டை ஒன்றைச் செருகி, அதை இடப்பக்கமாகச் சற்றே சாய்த்து வைத்திருக்கிறார். அதில் தெற்கு ரத வீதி தெரியும். வீதிக்கு அந்தப்புறம் ஆதமின் சலூன் வாசல் தெரியும். அங்கே யாராவது செருப்பைக் கழற்றிப் படியேறினால் கத்தி ஒரு கணம் நின்று, பிறகு நகரும்.

"ஜவுளிக்கடைக்காரரும் போயாச்சு" என்பார். கழுத்தில் கத்தி இருக்கையில் யாரும் பதில் சொல்ல முடியாது. அவரும் எதிர்பார்ப்பதில்லை.

ஒல்லியான மனிதர். ஐம்பது வயதிருக்கும். காலையில் கடை திறந்ததும் கோமதியம்மன் படத்துக்கு ஊதுபத்தி காட்டுகிறாரோ இல்லையோ, கத்தியைத் தோல்வாரில் தீட்டிவிட்டுக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, நகத்தால் அதன் விளிம்பை மெல்லச் சுண்டிப் பார்ப்பார். சவரம் நடக்கும்போது ரேடியோ பாடக் கூடாது. "கத்தி பேசுதது கேக்கணும் சார். பேசுத கத்தி கன்னத்துல நடக்கும். பேசாத கத்தி வெட்டும்" என்பார். தாலுகா ஆபீசில் வேலை கிடைத்து நான் சங்கரன்கோவிலுக்கு வந்ததிலிருந்து என் முகம் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆதம் வரும்வரை இந்த ஊரில் யாருமே குறை சொன்னதில்லை.

ஆதம் துபாயில் ஒரு சலூனில் சில வருஷம் வேலை பார்த்தவர். எண்பத்திரண்டில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஊர் திரும்பி, நேர் எதிரே கடை போட்டார். சுழலும் நாற்காலியும் சுவர் நிறையக் கண்ணாடியும் போட்டிருந்தார். ஆனால் ஊர் பேசியது அதையெல்லாம் பற்றி அல்ல, ஒரு பச்சைப் பாட்டிலைப் பற்றி. சோப்பு நுரை போடுவதற்கு முன் அதிலிருந்து கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி, கன்னத்திலும் கழுத்திலும் தேய்த்து விடுவார். சில்லென்று இருக்கும், ஒரு வாசனை வரும். அதன் பிறகு கத்தி போவதே தெரியாதாம். எங்கள் ஆபீசில் பாதிப்பேர் ஒரே மாதத்தில் தெருவைக் கடந்துவிட்டார்கள்.

வேல்சாமி அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார், ஆவுடையப்பன் போகும்வரை.

ஆவுடையப்பனுக்குப் பூ மார்க்கெட்டில் மண்டி. பனைமட்டைக் கருக்கு மாதிரி முரட்டுத் தாடி. யார் கத்தி பட்டாலும் கழுத்தெல்லாம் சிவந்து தடித்துவிடும். மீசை அரும்பிய வயதில் அவருக்கு முதல் சவரம் செய்தவர் வேல்சாமி. கல்யாணத்தன்று காலையில் வீட்டுக்குப் போய் மாப்பிள்ளைச் சவரம் செய்தவரும் அவர்தான். அந்தத் தாடியைத் தன் ஒருவனால்தான் சமாளிக்க முடியும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் சாய்ந்த கண்ணாடியில் ஆவுடையப்பன் எதிர்ப் படியேறுவது தெரிந்தது. அப்போது நாற்காலியில் நான்தான் இருந்தேன். வேல்சாமி கத்தியை எடுத்துவிட்டார். என் ஒரு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருக்க, ஆவுடையப்பன் வெளியே வரும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தவரின் கழுத்தில் ஒரு தடிப்பும் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா சார். நான் என்ன கையப் பிடிச்சா இழுக்கப் போறேன்?"

அதன்பின் அவர் ஆதம் என்ற பெயரைச் சொல்வதை விட்டுவிட்டார். 'எதுத்தாப்புல' என்பார், அவ்வளவுதான். அந்த வாசனை மட்டும் அவரை விடவில்லை. கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் முன்னால் நின்றவனின் பிடரியில் அந்த வாசம் அடித்ததென்று வழியிலேயே இறங்கி அடுத்த பஸ்ஸில் வந்தார். கோயிலில் தீபாராதனைக்குக் கண்ணை மூடி நிற்கும்போது பக்கத்தில் வந்ததாம். "சாமி கும்பிட வந்த எடத்துலயும் அவன் வாடை" என்றார்.

பிறகு அவரும் ஆராய்ச்சியில் இறங்கினார். கத்திக்கு முன்னால் எதையாவது தடவினால்தான் ஜனம் வரும் என்றால் நம் நாட்டில் இல்லாத சரக்கா என்று கேட்டார். முதலில் தேங்காயெண்ணெய். எண்ணெயின் மேல் நுரை நிற்காமல் வழிந்து ஓடியது. அடுத்தது சோற்றுக் கற்றாழை. கன்னம் வழுக்கி, பிடித்து இழுக்க விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. நல்லெண்ணெயைத் தொட்டு அரிசிக்கடை ஞானதுரைக்குப் பூசிய அன்று, அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேல்சாமி, இட்லிப்பொடியும் இருந்தா கொண்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேல்சாமி சிரிக்கவில்லை. நல்லெண்ணெய்க் கிண்ணத்தைத் தெருவில் கொட்டிவிட்டு வந்தார்.

கடைசியில் அதே பச்சைப் பாட்டிலே அவர் கைக்கு வந்தது. வாசுதேவநல்லூரில் யாரோ ஒருவரின் மகன் துபாயிலிருந்து வந்திருப்பது தெரிந்து, அங்கே போய் நின்று வாங்கி வந்துவிட்டார். கடைக்குக் கொண்டுவரவில்லை. சலூன்களுக்கெல்லாம் விடுமுறையான செவ்வாய்க்கிழமை, வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, வலது கன்னத்துக்குப் பாட்டில் மருந்தைத் தேய்த்தும் இடது கன்னத்துக்கு வெறும் வெந்நீர் ஒற்றியும், இரண்டையும் ஒரே கத்தியால் மழித்தார். பிறகு மனைவி பேச்சித்தாயைக் கூப்பிட்டார். எது எந்தக் கன்னம் என்று சொல்லவில்லை.

"ஏட்டி, தொட்டுப் பாத்துச் சொல்லு. எந்தப் பக்கம் வழுவழுன்னு இருக்கு?"

அந்த அம்மாள் மாவு அரைத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் தடவிப் பார்த்திருக்கிறார். "ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. வயசான காலத்துல இதென்ன கூத்து?"

மறுநாள் என்னை உட்கார வைத்தார். பாதி முகத்துக்கு மருந்து, பாதி முகத்துக்கு வெந்நீர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மருந்துப் பக்கம் குளிர்ச்சியாக இருந்தது. வாசனையும் நன்றாகத்தான் இருந்தது. கத்தி வந்தபோது இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் போயிற்று. உள்ளதைச் சொன்னேன். அவர் நம்பாமல் இன்னும் இரண்டு மூன்று பேருக்கு அப்படியே செய்து பார்த்தார். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

எதிர்க்கடையின் பெருமையெல்லாம் வெறும் வாசனைத் தண்ணீர் என்று தெரிந்துவிட்டது. வேல்சாமி இதை ஊரெல்லாம் சொல்லித் திரிவார் என்று நினைத்தேன். அவரோ பாட்டிலைத் திருகி மூடிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, நல்ல சேதிதானே?" என்று கேட்டேன்.

"என்ன நல்ல சேதி? மருந்துல ஒண்ணும் இல்லைன்னா, ஆவுடையப்பன் அண்ணாச்சி கழுத்து தடிக்காம இருக்கே, அது எதுனால? அப்ப அது அவன் கைதான்லா சார்."

அந்த வாரம் அவர் கவனம் கத்தியில் இல்லை. என் காதோரத்தில் சிறு கீறல் விழுந்தது. அவர் கையால் நான் பட்ட முதல் கீறல் அது. படிகாரத்தை வைத்து அழுத்தியபடி, "மருந்துன்னா வாங்கிரலாம்" என்றார்.

போன வியாழக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வேல்சாமி கடைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார். முகத்தில் நாலு நாள் தாடி. "சார், கூட வாங்க" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமலே தெருவைக் கடந்தார். நானும் போனேன்.

ஆதமின் கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கப் போனவர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க அண்ணாச்சி" என்று நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டார். வேல்சாமி ஏறி உட்கார்ந்தார். ஆதமின் கை பச்சைப் பாட்டிலுக்குப் போயிற்று.

"அது வேண்டாம் தம்பி. வெந்நீர் போதும்."

ஆதம் பாட்டிலை வைத்துவிட்டுச் சிரித்தார். "அதும் சரிதான். அது வாசத்துக்குத்தான் அண்ணாச்சி. ஆளுக பாட்டிலப் பாத்துதானே படியேறுதாவ."

வெந்நீரில் நனைத்த துணியைக் கன்னத்தில் போர்த்தி, ஆற ஆற மாற்றினார். பிறகு மயிர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறதென்று கழுத்தை விரலின் பின்புறத்தால் தடவிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் கத்தியை எடுத்தார். நான் பெஞ்சில் இருந்து பார்த்தேன். கத்தியில் கையின் பாரமே இல்லை. தொண்டைக்குழியருகே மயிர் சுழித்துக் கிடக்கும் இடத்தில் அது தானாகத் திரும்பி, சுழியோடு சேர்ந்து போயிற்று.

"கண்ண மூடிக்கோங்க அண்ணாச்சி. சொகமா இருக்கும்."

"பரவாயில்ல. நீரு போடும்."

வேல்சாமியின் கண் ஆதமின் மணிக்கட்டை விட்டு நகரவே இல்லை. பாதியில் அவர் கண்ணில் நீர் கோத்தது. சோப்பு பட்டுவிட்டதென்று எண்ணி ஆதம் துணியால் ஒற்றி எடுத்தார். "யாருகிட்டப் படிச்சீரு?" என்று வேல்சாமி கேட்டார்.

"எங்க வாப்பாகிட்டதான் அண்ணாச்சி. பொறவு அங்கன போயி, விதவிதமான தாடியப் பாத்துப் பாத்துப் பழகிட்டு."

சவரம் முடிகிற நேரத்தில் ஆவுடையப்பன் உள்ளே வந்தார். நாற்காலியில் இருப்பது யாரென்று தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். வேல்சாமியைத் தாண்டிப் போய் உட்காரவும் முடியாமல், திரும்பிப் போகவும் முடியாமல், அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சமாளித்துக்கொண்டு, "என்ன வேல்சாமி, நீயும் வந்துட்டியா? பாத்தியா, எப்படி இருக்கு?" என்றார்.

ஆதம் கத்தியைத் துடைத்துக்கொண்டே வேல்சாமியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மருந்து ஒரு சொட்டுக்கூடப் படாத முகம் என்பது அந்த அறையில் எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும்.

வேல்சாமி நாற்காலியை விட்டு இறங்கினார். எதிரே இருந்த பெரிய கண்ணாடியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"மருந்து நல்ல மருந்து அண்ணாச்சி" என்றார். "கை என்ன கை? எல்லாருக்கும் உள்ளதுதான். எல்லாம் அந்த மருந்து செய்யுத வேலை."

ஆதம் ஆவுடையப்பனுக்காக நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டார். வேல்சாமி படியிறங்கினார். மத்தியான வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. ஆனாலும் நடுத்தெருவில் நின்று, தோளில் கிடந்த துண்டை உதறி எடுத்து, பல்வலிக்காரர் மாதிரி வழுவழுத்த இரண்டு கன்னமும் மறையத் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்.