தளபதியின் நிறம்

எங்கள் ஆங்கிலத் துறைத்தலைவரை நினைத்தாலே, மாநிறச் சாயத்தை விரலில் தொட்டு நகைக்கடைக்காரர் மகனின் வெளுத்த கன்னத்தில் அவர் தடவிக்கொண்டிருந்த காட்சிதான் முதலில் வருகிறது. திண்டுக்கல்லில் நான் படித்த கல்லூரியின் ஆண்டுவிழா. வெள்ளையர் நாட்டில் படைத்தளபதியாகி, அவர்கள் வீட்டுப் பெண்ணை மணந்து, கூட இருந்தவன் மூட்டிவிட்ட சந்தேகத்தில் அவளைத் தன் கையாலேயே கொன்று தானும் அழியும் ஒரு வீரனைப் பற்றிய பழைய ஆங்கில நாடகத்தைப் போட்டோம். தளபதி கறுப்பன். வகுப்பிலேயே நான்தான் கறுப்பு. வெங்காயக் காட்டு வெயிலில் வளர்ந்த உடம்பு, கனத்த குரல். வேடம் எனக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

துறைத்தலைவர் வகுப்பில் வைத்தே சொன்னார்: “நீ வேணாம்ப்பா. தளபதி அரேபியாப் பக்கத்து ராஜ வம்சம், நல்ல கோதுமை நெறம். உன்னைய மேடை ஏத்துனா, பல்லக்குத் தூக்க வந்தவன்னு நெனச்சுக்குவாங்க.”

வகுப்பு சிரித்தது. வேடம் நகைக்கடைக்காரர் மகனுக்குப் போனது; நான் மேடைத் திரை இழுத்தேன். சொன்னவரும் என்னைவிட வெளுப்பில்லை. பவுடர் பூசாமல் வகுப்புக்கு வரமாட்டார்; மதியத்துக்குள் அது வியர்வையில் கரைந்து கழுத்தோரம் திட்டுத்திட்டாக வடியும்.

முனைவர் பட்டத்துக்கு அதே நாடகத்தை எடுத்தேன். படிப்பின் மேலிருந்த ஆசையைவிட அவர் மேலிருந்த ஆத்திரம் பெரிது. தளபதியின் நெஞ்சைக் கரிக்கு ஒப்பிட்டு ஏசுகிறான் பெண்ணின் தகப்பன். வேண்டாதவர்கள் அவன் தடித்த உதட்டைக் கேலி செய்கிறார்கள். தான் கறுப்பு என்று அவன் வாயாலேயே சொல்கிறான். ராஜ வம்சம் என்பதும் உண்மைதான். ஆனால் ராஜ வம்சத்தான் வெளுத்திருக்க வேண்டும் என்று நாடகத்தில் எந்த இடத்திலும் இல்லை.

போன வருடம் அவர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுக்குப் பிறகு, தளபதி அரேபியனே என்று நிறுவி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மண்டபத்தில் வெளியீடு. “நீ நம்ம பிள்ளை. நல்லதா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போப்பா” என்றார். உடனே ஒப்புக்கொண்டேன்.

பாராட்டித்தான் தொடங்கினேன். பிறகு நாடகத்தைப் பிரித்து, அவர் புத்தகம் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போன வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். முன்வரிசையில் அவர் மகளும் மருமகனும் இருந்தார்கள். பழைய மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அவசரப்படவில்லை. கடைசியாக, பல்லக்குத் தூக்கிக் கதையையும் சொல்லி முடித்தேன். கைதட்டல் இல்லை. எனக்கு அது வேண்டியிருக்கவும் இல்லை.

மண்டப வாசலில் அவர் என்னை நிறுத்தினார். “இம்புட்டு வருசமா இதுக்குத்தான் படிச்சியா?”

“ஆமா சார்.”

கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “வேலையில சேர வந்த அன்னைக்கு, என்னையப் பியூன்னு நெனச்சுத் தண்ணி கொண்டாரச் சொன்னாங்க. கறுப்பனைத் தளபதின்னு சொன்னா எவன் நம்புவான்னுதான் நாடகம் போடுறப்பத் தோணுச்சு.”

“தண்ணி கொண்டாரச் சொன்னவங்கள நீங்க ஒண்ணும் கேக்கலையே சார். என்னையத்தான திரை இழுக்க வச்சீங்க.”

 உள்ளேயிருந்து மகள், “அப்பா, சாப்பிட வாங்க” என்று கூப்பிட்டாள். அவர் நகரவில்லை. எனக்கு இரக்கம் வந்தது. அதை அவர் பார்க்கும்படி விடாமல் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.