பச்சை வராத ஒரு வாரம்

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவனுக்கு ஆராய்ச்சி ஜெயித்தால் பெயர் வராது, தோற்றால் முதல் பெயர் அவனுடையதுதான். யாருக்காவது கீழே வேலை பார்த்திருந்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் பச்சை

எங்கள் கூடம் தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவில். அருமண் என்கிற அபூர்வ உலோகங்களைப் பிடிக்கிற புரதத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, கிருமிக்குள் வளர்த்து எடுக்கிறார்கள். டெர்பியம் என்ற உலோகத்தைப் பிடித்துக்கொண்டால் அது ஊதா விளக்கின் அடியில் பச்சையாக ஒளிரும். நான் எட்டாவது ஃபெயில். முதல்முறை பார்த்தபோது வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். தலைமை விஞ்ஞானி சகாயமேரி மேடம் சிரித்தார்.

"வாயை மூடுங்க தேவராஜ், கொசு உள்ள போயிடும்."

பழி

ஒரு வாரம் பச்சையே வரவில்லை. புரதத்தை வடிவமைத்த பாரூக் சார், நான் குழாயில் சோப்பை மிச்சம் வைத்துவிட்டேன் என்றார். சோப்பில் இருக்கும் ஏதோ ஒன்று உலோகத்தைப் பிடுங்கிக்கொள்ளுமாம். ஆறு தடவை அலசுகிறவன் நான். என்னை வாசல் காவலுக்கு மாற்றச் சொல்லி, என் எதிரிலேயே மேடத்திடம் சொன்னார்:

"அவருக்கு வயசாயிடுச்சு மேடம், முன்ன மாதிரி கண்ணு தெரியல."

வெள்ளை வண்டல்

அன்று கழுவ வந்த குழாய்களை, கோபத்தில்தான், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சிலவற்றின் அடியில் சுண்ணாம்பு போல வண்டல். சோப்பு அப்படிப் படியாது. பாரூக் சார் அந்த வாரம் திறந்த பாட்டிலின் கரைசல் ஊற்றிய குழாய்களில் மட்டும்தான் அது இருந்தது. கழுவாமல், பாட்டிலோடு மேடத்தின் மேஜையில் வைத்தேன்.

மேடம் பாட்டிலைப் பார்த்துச் சொன்னார்: கிருமியைக் கழுவ வைத்திருந்த பாஸ்பேட் கரைசல் அது. அது பட்டால் டெர்பியம் வெள்ளையாகத் திரிந்து அடியில் உட்கார்ந்துவிடுமாம். புரதம் பிடிக்க எதுவும் மிஞ்சாது. மேடம் பாரூக் சாரைக் கூப்பிட்டார்.

"தப்பான பாட்டிலை எடுத்தது நீங்க. வாசல் காவலுக்கு நீங்க போறீங்களா பாரூக்?"

சமாதானம்

மறுநாள் சரியான கரைசலில், நான் கழுவிய குழாயில், பச்சை வந்தது. பாரூக் சாரே டீயும் சமோசாவும் வாங்கி வந்தார். இரண்டையும் சாப்பிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சமோசாவும் காலி. இன்னும் மூஞ்சி அப்படியே இருக்கே?"

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, பாரூக் சாரும் நல்ல மனிதர்தான், அவரை மன்னிப்பதை மட்டும் ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.