உப்பு போட்டால் எழும்புகிற மரம்

மூவார் ஆறு எனக்கு ஒரே ஆறாக இருந்ததே இல்லை. கடல் ஏறும்போது கரிக்கும். இறங்கும்போது காட்டு மழையின் ருசி. இரண்டுக்கும் நடுவில், மரப்பட்டறைக்குப் பின்னால் பலகை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தெப்பக்காரர். மேலே காட்டில் வெட்டிய மரங்களைப் பிரம்பால் பிணைத்து, அவற்றின்மேல் நின்றபடியே ஆற்றோடு பட்டறைக்குக் கொண்டுவருவார்.

புது மரம் என்றால் பட்டறையில் கணக்கெழுதும் கிராணி முதலில் ஒரு முழக் குச்சி சீவச் சொல்வார். நெடுக ஒரே பருமன், சமமாய்ப் பத்துக் கோடு. மூங்கில் குழாயில் தண்ணீர் ஊற்றி அதை நிமிர்த்தி விடுவார். ஆறு கோடு முழுகினால், தண்ணீரின் கனத்தில் பத்தில் ஆறு பங்கு மரத்தின் கனம். குச்சி முழுசாய் முழுகிவிட்டால், மூங்கில் கட்டித் தாங்காமல் ஆற்றில் இறக்கக் கூடாது.

என் இளவயசில் ஒருநாள் மத்தியானம் இவர், புது மரத்தில் சீவிய செக்கச்செவேலென்ற ஒரு குச்சியோடு வந்தார்.

"நெல்லு நீளம் வெளிய நிக்குது. மூங்கில் வேணாம்னுட்டாரு கிராணி. நாளைக்கு மேல போறோம்."

நெல் நீளம். அதை நம்பித்தான் என் புருஷன் ஆற்றின் மேல் நிற்கப் போகிறார். என் கை சும்மா இருக்கவில்லை. குச்சியை மழைத்தண்ணீர் ஜாடியில் விட்டேன். அவசரமே இல்லாமல், மெல்ல, அடிக்குப் போய்விட்டது.

"கிராணி எந்தத் தண்ணி ஊத்துனாரு?"

"பட்டறைப் படித்துறைத் தண்ணிதான். கடல் நல்லா ஏறியிருந்துச்சு அப்ப."

ஒரு செம்பு மழைத்தண்ணீர், முந்தானையில் ஒரு பிடி உப்பு, அந்தக் குச்சி. நேரே பட்டறைக்கு நடந்தேன். இவர் என் பின்னால் ஓடி வந்தார்.

கிராணி சிரித்தார். "அடுப்படித் தண்ணியில ஆத்தை அளக்க வந்துட்டியாம்மா?"

அவர் குழாயைக் காலி செய்து என் தண்ணீரை ஊற்றினேன். குச்சி முழுகியது.

"ஊறிப்போச்சு, அதான்."

"ஊறினது திரும்பி எழும்பாதுங்களே ஐயா." உப்பைப் போட்டுக் கலக்கினேன். குச்சி லேசாய் நடுங்கி, எழும்பி, நெல் நீளம் வெளியே தலை காட்டியது. "மேல காட்டுல ஆத்துக்கு யாருங்க உப்பு போடுறா?"

கிராணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். இவர்பக்கம் திரும்பி, "மூங்கில் எத்தனை வேணும்?" என்றார்.

"கேட்டுச் சொல்றேங்க," என்றவர் என்னைப் பார்த்தார். "வீட்டுல ரசத்துக்கும் இவ இப்படித்தான்."

பதினோராம் நாள் தெப்பம் வந்தது. மேலே பச்சை மூங்கில்தான் தெரிந்தது. சிவப்பு மரங்கள் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டு வந்தன. தெப்பத்தின்மேல் கணுக்கால் நனைய இவர். ஆற்றில் இறக்கும்போதே ஒரு மரம் பிரம்பு நழுவி, குமிழிகூட விடாமல் அடிக்குப் போய்விட்டதாம். கரையேறியதும் அதைத்தான் கிராணியிடம் முதலில் சொன்னார், எனக்குக் கேட்கும்படி சத்தமாகவே.

இன்று எனக்கு நாற்பத்தைந்து. சீப்பு, அகப்பை, தேங்காய் ஓடு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் மிதக்கவிட்டுப் பார்க்கிற கிறுக்கு இன்னும் போகவில்லை. கிராணியும் புது மரம் வந்தால் குழாயோடு என் பின்வாசலுக்குத்தான் வருகிறார். கேட்டுவிட்டுத்தான் ஜாடியில் கை வைப்பார்.