மார்பில் கட்டிய மல்லிகை

சுனாமிக்கு அடுத்த கோடை. மரக்காணம் உப்பளத்தில் என் புருஷனுக்கும் மாமியாருக்கும் வேலை. எனக்குத் தலைப்பிரசவம் ஆகி இரண்டு மாதம்தான். மதியம் உப்புப் பாத்திக்கு அவர்களுக்குச் சோறு கொண்டுபோகும் நேரம் தவிர, பகலெல்லாம் வீட்டில் நானும் மகளும்.

ஒரு நாள் காலையில் இடது மார்பில் பால் கட்டிக்கொண்டது. கல்லாக இறுகிச் சிவந்து, தொட்டால் உயிர் போனது. மதியத்துக்குள் குளிர்காய்ச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு மகளுக்குக் கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சியவள் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டாள். மறுபடி வைத்தேன்; வீரிட்டாள். பெற்ற பிள்ளையே என்னை வேண்டாம் என்கிறதே என்று அழுதேன்.

சாயந்திரம் வேலையிலிருந்து வந்த மாமியார், பாலை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு கரிக்குதுடி! பச்ச ஒடம்போட பாத்திக்குச் சோறு எடுத்துக்கினு வந்தியே, உப்பு ஒடம்புல ஏறிடுச்சு பாரு."

நாளெல்லாம் உப்பையே வாரும் வீட்டில் வேறென்ன தீர்ப்பு வரும்? அன்றிலிருந்து எனக்கு உப்பில்லாக் கஞ்சி. மகளுக்குப் பாட்டிலில் பவுடர் பால்.

"அந்தப் பக்கம்தானே அத்தே வீக்கம், இதுல குடுக்கறேன்" என்று கெஞ்சினேன்.

"ஒடம்புல ஏறுன உப்பு இந்தப் பக்கம் மட்டும் வராதா? இருக்கற பால் வத்தட்டும். அப்பறம் நல்ல பால் ஊறும்."

பால் வற்ற எங்கள் பக்கம் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குச் செய்வது அது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு முழம் பூ வாங்கித் தராத மனுஷன், பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பந்து பந்தாக வாங்கி வந்தார். மகள் பக்கத்தில் கிடந்து கத்த, நான் பூக்கட்டோடு படுத்திருந்தேன். அந்த வாசனை இன்றும் எனக்குக் குமட்டும்.

காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். கட்டை அவிழ்த்த நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"வீக்கம் வந்தா பால் உப்பு கரிக்கத்தாம்மா செய்யும். கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது. விடாம குடிக்க வச்சிருந்தா கட்டும் கரைஞ்சிருக்கும், பாலும் நின்னிருக்காது."

மாத்திரையில் காய்ச்சலும் வீக்கமும் போயின. நர்ஸம்மா சொன்னபடி மகளை மார்பில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். அவள் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினாள். நல்ல பால் ஊறவேயில்லை. பாட்டிலைக் காட்டினால் போதும், அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறப்பாள். பாட்டில் யார் கையில் இருந்தால் அவளுக்கு என்ன? எனக்கு அந்தப் பாட்டிலை உடைக்க வேண்டும் போலிருந்தது. உடைத்தால் அவள் எதைக் குடிப்பாள்?

பிறகு ஒரு நாள் விடியற்காலையில், வேலைக்குக் கிளம்பிய மாமியார் என்னைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்:

"இனிமே உப்பு ஏறுனாத்தான் என்ன? கொழந்தைய பக்கத்து வீட்ல வுட்டுட்டு நீயும் பாத்திக்கு வாயேன்."

போனேன்.