காற்றுச் சுடும்

நேற்றுப் பேரனின் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். பம்பின் வாய்ப்பக்கம் கையில் சுட்டது. அந்தச் சூட்டோடு உரும்பிராயில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த நெல்லு ஆலை நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே ஆலையும் இல்லை, சத்தமும் இல்லை.

அம்மா வீடுகளுக்கு நெல்லுக் குத்திக் கொடுத்துத்தான் எங்களை வளர்த்தார். ஆலை வந்ததோடு அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. தன் பிழைப்பைப் பிடுங்கின சாமான் எப்படித்தான் ஓடுகிறது என்று பார்க்க ஒரு காலை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தண்டவாளத்தில் ஓடும் கோச்சியைப் போலக் கரி எரிப்பார்கள் என்று நினைத்திருந்தார். அங்கே அடுப்பே இல்லை. எண்ணெய் மணமும், சுவரை அதிரவைக்கிற அடியும்தான்.

"நெருப்பு எங்கை, தம்பி?"

"உள்ளுக்கை இரும்புக் கட்டை ஒண்டு மேலையும் கீழையும் போகுது அக்கா," என்றார் இஞ்சின்காரர். "அது காத்தை இறுக்க, காத்துச் சுடும். அதுக்கை எண்ணெயைப் பீச்ச, தானாப் பத்திக் கட்டையைத் தள்ளும்."

"காத்துச் சுடுமோ? ஆருக்குக் காது குத்திறாய்?"

அவர் சிரித்துக்கொண்டு தன் சைக்கிள் பம்பை எடுத்து, அதன் வாயை விரலால் அடைத்துப் பிடித்தார். அம்மா உலக்கை பிடித்த கையால் பம்பின் பிடியைத் திரும்பத் திரும்ப அமுக்கினார். பிறகு வாய்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்தார்.

"உதுவும் குத்திற வேலைதானே! முதலாளியிட்டைச் சொல்லு, நான் இஞ்சை புடைக்க வாறன்."

வந்தார். இஞ்சின்காரர் கைபிடியைப் போட்டுச் சுற்றியும் இஞ்சின் கிளம்பாத குளிர்ந்த மாரிக் காலைகளில், புடைக்கிற சுளகோடு நின்று கத்துவார்:

"காத்து இன்னும் சுடேல்லைத் தம்பி, இறுக்கிச் சுத்து!"