ரெபேக்காளின் மஞ்சள் பசை

டிவியோ மிக்ஸியோ ரிப்பேருக்கு எது வந்தாலும், மூடியைக் கழற்றியதும் ரெபேக்காள் முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவாள். கண்ணாடி நெற்றிக்கு ஏறும், கண்கள் மூடும், நீளமாக ஒரு இழுப்பு. கெப்பாசிட்டர், அவள் பேச்சில் கண்டன்சர், கசிந்திருந்தால் லேசாக மீன் வாடை அடிக்கும். கோவளத்தில் மீன் வாடையை வைத்து ஒரு முடிவுக்கு வருவதென்றால் சும்மா இல்லை. கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கரையிலிருந்து கை கழுவாமல் நேராக வருகிறவர்கள். அவளோ தடுமாறியதே கிடையாது. "இது கண்டன்சர் நாத்தம். இன்னொன்னு அடிக்குது பாரு, அது உன் கையி. இன்னிக்கி கானாங்கெளுத்தியா?" என்பாள். வந்தவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போவார்.

பஸ் நிறுத்தத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் தெருவில், பிரியாணிக் கடைக்கும் ரீசார்ஜ் கடைக்கும் நடுவே ஒற்றை ஷட்டர் அகலத்தில் அவள் கடை. வயது நாற்பத்தாறு. ஒரகடம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பதினோரு வருஷம் சர்க்யூட் போர்டுகளில் ஈயம் வைத்தவள். கம்பெனி மூடியதும், வேலை போனாலும் கைப்பழக்கம் போகவில்லை என்று இந்தக் கடையைப் போட்டாள். "பொம்பள இன்னாத்த டிவி ரிப்பேரு பண்ணப் போவுது" என்று தெரு சிரித்தது. பெண்கள்தான் முதலில் வந்தார்கள், மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு. பிறகு கணவன்மார்களை டிவியோடு அனுப்பினார்கள்.

கெப்பாசிட்டர்களை அவள் 'அவன்' என்றுதான் சொல்வாள். விரல் நுனி அளவு டப்பா. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு சீராக விடுவது அதன் வேலை. நாள்பட்டால் தலை வீங்கிவிடும். "உப்பிகினு நிக்கிறான் பாரு, மூணு பந்தியில சாப்ட்டவன் கணக்கா" என்று சொல்லி, நகத்தால் அதன் தலையில் ஒரு சுண்டு சுண்டுவாள். ஒரு போர்டும் அவள் கடையில் 'செத்துப்போனது' இல்லை. "மயங்கிட்டான், அவ்ளோதான்."

கடற்கரை ஊரில் உப்புக்காற்று புகாத பொருள் கிடையாது. உள்ளே போய்க் கம்பிக் கால்களை அரித்துவிடும். அதற்கு அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். புதுக் கெப்பாசிட்டரை வைத்ததும் அதன் காலடியில் செருப்பு ஒட்டும் மஞ்சள் பசையை வளையமாகப் பூசுவாள். காற்று நுழையாது, ஆட்டமும் இருக்காது. மஞ்சள் வளையம் இருந்தால் ரெபேக்கா கை பட்டது என்று ஊரே சொல்லும். வேறு கடைக்காரர்கள் அதைப் பார்த்துப் பூசத் தொடங்கியபோது அவளுக்கு உள்ளுக்குள் ஏகப் பெருமை.

போன மாதம் பூபாலனின் டிவி திரும்பி வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவளே பார்த்தது. மூடியைக் கழற்றினாள். மஞ்சள் பசை காப்பிக்கொட்டை நிறத்தில் கறுத்து இறுகிக் கிடந்தது. பிளேடால் சுரண்டினால் அடியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது, கெப்பாசிட்டரின் ஒரு காலைக் காணவே காணோம். பசை படாத கால்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன.

"உப்புக்காத்துதான்க்கா, நீ இன்னா பண்ணுவ" என்றார் பூபாலன், ஆறுதலாக.

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். வீட்டுக்குப் போய்த் தன் டிவியையே கழற்றிப் பார்த்தாள். அதே காப்பிக்கொட்டை நிறம், அதே பச்சை. சூடு பட்டுப் பட்டுப் பசைதான் கம்பியைத் தின்றிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பழி போடக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. திறந்தால், பாடுபட்டுச் சேர்த்த பேர் ஒரே நாளில் போய்விடும். கேளம்பாக்கத்தில் கடைகளுக்கா பஞ்சம்? அப்போதுதான் அமீனா பீவி வீட்டு ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்தது. அவர் கணவர் சௌகத் அலி தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலின் அதில்தான் இருக்கிறது. பாயம்மா என்று அவள் கூப்பிடும் அமீனா பீவி மேல் உள்ள பாசத்தில் அந்த போர்டுக்கு மட்டும் இரண்டு சுற்று அதிகமாகப் பூசியிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டுப் பையோடு போய் நின்றாள்.

"நல்லாத்தான ஓடிகினு கீது? இன்னாத்துக்குக் கழட்டணும்ன்ற?" என்றார் அமீனா பீவி.

"நான் வச்ச பசை தப்பு பாயம்மா. அது உள்ள கம்பியத் தின்னுது. உள்ள பாய் ஊசி மருந்து கீதே, அதான் மொதல்ல இங்க வந்தேன்."

அமீனா பீவி ஃபிரிட்ஜ் கதவில் கை வைத்தார். "போன மாசம் ரெண்டு தபா ஜில்லுனே இல்லாம போச்சு. கரண்டுதான் கம்மின்னு நெனச்சிகினேன். அந்த வாரம் பாய்க்கு சுகர் எறங்கவே இல்ல. திருட்டுத்தனமா அல்வா தின்னீங்களான்னு நாயா பேயா திட்னேன் மனுசன. அப்போ மருந்து கெட்டுப்போனதாலயா?"

இல்லை என்று சொல்ல இடம் இருந்தது. "அதுவாத்தான் இருக்கும்" என்றாள் ரெபேக்காள்.

அமீனா பீவி அந்தக் கோளாறுக்குப் பிறகு புதிதாக வாங்கிய மருந்து டப்பாவை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டு ஹம்னாவின் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தார். ரெபேக்காள் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பசையைத் துளித் துளியாகச் சுரண்டினாள். பச்சை பூத்த இரண்டு கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் புதியவற்றை வைத்தாள். இன்னும் நாற்பது வீடாவது ஏறி இறங்க வேண்டும், ஒவ்வொரு வாசலிலும் இதே வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

பிளக்கைச் செருகினாள். மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது.

"ரெண்டு நாளு மருந்து ஹம்னா வூட்லயே இருக்கட்டும் பாயம்மா. நல்லா ஓடுதான்னு பாத்துகினு அப்பறம் எடுத்துகினு வாங்க."

அமீனா பீவி வெளியே போய்விட்டார். கோபம்தான், நியாயமான கோபம் என்று எண்ணியபடி ரெபேக்காள் பிளேடையும் ஈயச் சுருளையும் பைக்குள் போட்டு, பையைத் தோளில் மாட்டினாள். சாப்பாட்டு வேளைகூட ஆகவில்லை. போகிற வழியிலேயே இன்னும் மூன்று வீடு பார்த்துவிடலாம்.

அமீனா பீவி திரும்பி வந்தார். கையில் மருந்து டப்பா. ஃபிரிட்ஜைத் திறந்து முட்டைத் தட்டுக்குக் கீழே அதை வைத்தார், கதவைச் சாத்தினார், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலைப் பார்க்கப் போனார்.

ரெபேக்காள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். மூலையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை ஃபிரிட்ஜின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மோட்டாரின் அதிர்வு தெரிய அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள்.